ரப்பரின் முதுகு

மார்ச் 3

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: கன்வேயர் டிரம்களுக்கு ரப்பர் உறை ஒட்டும் முறைகளை ஒப்பிடும் சோதனை. தங்கள் பட்டறை ஒட்டிய உறை உரிந்தது குறித்து.

எங்கள் குவாரியில் கல் சுமக்கும் பெல்ட்டுகளை இழுக்கிற டிரம்கள் வெறும் இரும்பாக இருந்தால், ஈரத்தில் பெல்ட் வழுக்குகிறது. அதனால் டிரம்முக்கு ரப்பர் உறை போடுகிறோம் என்பது தாங்கள் அறிந்ததே. எந்த முறையில் ஒட்டிய உறை நெடுநாள் நிற்கும் என்று கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. அதற்கு நான் அமைப்பாளர்.

தங்கள் பட்டறை டிரம்மின் துரு போக மணல் அடித்து, அடிப்பூச்சாகப் பிரைமரும் அதன் மேல் பசையும் பூசி, வேகாத ரப்பரைச் சுற்றி, ஈரத்துணி நாடாவால் இறுகக் கட்டி, நீராவிக் கலத்தில் வேகவைத்து அனுப்பியது. இரண்டாவது நிறுவனம் முன்பே வெந்த ரப்பர்ப் பட்டைகளை எங்கள் இடத்துக்கே கொண்டுவந்து, சூடு இல்லாமல், பசையால் மட்டும் ஒட்டியது. டிரம்மைக் கழற்ற வேண்டியதில்லை என்பது அதன் சிறப்பு. மூன்றாவது நிறுவனம் டிரம்மின் மேல் இரும்புச் சட்டங்களை வெல்டு வைத்து, நடுவே ரப்பர்ப் பலகைகளைச் செருகியது. தேய்ந்ததை உருவிவிட்டு வேறு செருகலாம்.

சென்ற வாரம் தங்கள் உறை ஓரத்தில் வாய் திறந்து, ஒரே ஷிப்டில் முழு அகலத்துக்கும் கழன்று, பெல்ட்டுக்கு அடியில் சுருண்டு சிக்கிக்கொண்டது. குவாரி நின்றது. மற்ற இரண்டு உறைகளும் இதை எழுதும் நேரம்வரை உள்ளன. எனவே, 'வேகவைக்கும் முறை எங்கள் பணிக்கு ஏற்றதன்று' என்று இடைக்கால அறிக்கை தயாரித்து, எங்கள் குழுமத்தின் மற்ற குவாரிகளுக்கும் அனுப்பியுள்ளோம். தங்கள் விளக்கத்தை எழுத்து மூலம் அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அமைப்பாளர், ஒப்பீட்டுக் குழு

பி.கு.: வீட்டில் அனைவரும் நலம். சின்னவளுக்குப் பல் முளைத்திருக்கிறது.


மார்ச் 9

தம்பிக்கு,

'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்பதைப் படித்ததும் கவரைத் திருப்பி முகவரியைப் பார்த்தேன். என் முகவரிதான். கடைசியில் சின்னவளின் பல்லைக் கண்ட பிறகுதான் எழுதியது யாரென்று நிச்சயமாயிற்று. ஒப்பீட்டுக் குழு அமைப்பாளருக்குப் பல் முளைக்கிற வயதில் ஒரு பெண் இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

"ஒரு போன் போட்டுக் கேட்டுடு பாப்பா" என்றார் ஃபோர்மேன். அப்பாவின் டயர்க் கடைக் காலத்து மனிதர், உனக்குத் தெரியும். எனக்கு ஐம்பத்திரண்டு ஆனது அவருக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை. போன் வேண்டாம் என்றேன். உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். காகிதத்தில் உன் குரல் யாரையும் இளக்குவதாக இல்லை. ஆகவே நீயும் எழுது, நானும் எழுதுகிறேன்.

ரப்பருக்கு முன்னால் உன் புது வீட்டு விருந்தை முடித்துவிடுவோம். 'முந்தின நாளே வந்துடு அக்கா, இங்க ஆளே இல்ல' என்று கூப்பிட்டவன் நீ. வந்தேன். உன் அலுவலகம் முழுவதற்கும் சமைத்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது உங்கள் பெரிய மேனேஜர் தட்டோடு எழுந்து வந்து, "சாப்பாடு அபாரம்யா! யாரு இவங்க?" என்று உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், தட்டைப் பார்த்தாய். "சமையலுக்கு வந்திருக்காங்க சார்" என்றாய்.

என் கையில் கரண்டி இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கே இன்னும் ஒரு கரண்டி போட்டேன். "போதும்மா, போதும்மா" என்றார். நல்ல மனிதர்.

இனி ரப்பர். விளக்கம் கேட்கிறாய். உரிந்த ரப்பரைப் பார்க்காமல் எதை விளக்குவது? எந்தப் பக்கம் தேய்ந்தது என்று பார்ப்பவர்கள் ரப்பரின் முகத்தைப் பார்ப்பார்கள். எங்களுக்கு முதுகுதான் முக்கியம். ரப்பர் நடுவே கிழிந்து பாதி டிரம்மிலேயே இருந்தால் ரப்பர் மட்டம், ஒட்டு நல்லது. முதுகு வழவழவென்று சுத்தமாக வந்திருந்தால் பசை பொய். வேறு நிறமாக வந்திருந்தால் வேறு கதை. ஒரு துண்டு வெட்டி அனுப்பு.

ஒன்று கேட்கிறேன். மூன்று டிரம்களும் ஒரே மாதிரி இடத்தில்தான் ஓடினவா? உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

உன் இடைக்கால அறிக்கை அழகாகப் பரவிவிட்டது. எங்களிடம் டிரம் கொடுப்பதாக இருந்த இரண்டு குவாரிகள் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லிவிட்டன. பட்டறையில் பதினோரு பேர் கலத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறோம். இப்படியே போனால் அதையும் விற்றுவிட்டுச் சமையலுக்கு வர வேண்டியதுதான்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மையீர் என்று எழுதியதில் உள்நோக்கம் இல்லை. அந்தக் கடிதம் கோப்பில் சேரும். கோப்பில் அக்கா என்று எழுத இடமில்லை.

நிலைமையைப் புரிந்துகொள். எந்தெந்தப் பட்டறைகளை அழைப்பது என்று முடிவு செய்தது வாங்கும் பிரிவு. உன் பெயர் அதில் இருப்பதை நான் அறிவதற்குள் என்னை அமைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். ஒரு படிவம் தந்தார்கள். 'பங்கேற்கும் நிறுவனங்களில் எனக்கு நெருங்கிய உறவினர் உண்டு / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.' நான் 'உண்டு' என்பதை அடித்தேன். உனக்கு வேறு வீட்டு முதலெழுத்து வந்து எத்தனையோ வருடமாகிறது, பட்டறையும் வேறு ஊரில் இருக்கிறது, 'நெருங்கிய' என்றால் எவ்வளவு நெருங்கிய என்று படிவத்தில் விளக்கமும் இல்லை. உண்டு என்று விட்டிருந்தால் உன் பட்டறையை நீக்கியிருப்பார்கள். உன் நன்மைக்காகவே அடித்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

அடித்தபின் விருந்தில் உன்னை அக்கா என்று எப்படி அறிமுகம் செய்வது? சமையலுக்கு வந்திருக்காங்க என்றேன். நீ வந்தது சமையலுக்குத்தானே? அக்கா இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது வேறு, பொய் வேறு.

இந்தப் பத்தியை உன் தம்பி மனைவி தோள் வழியாகப் படித்துவிட்டாள். "இதை எழுத உங்களுக்குக் கை கூசல?" என்றாள். அது முந்தாநாள். அன்றிலிருந்து என்னோடு நேரடிப் பேச்சு இல்லை. பெரியவன் மூலமாகத் தகவல் வருகிறது. "அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு." நானும் அவன் மூலமாகவே பதில் அனுப்புகிறேன். அவன் இருவர் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறான் என்று சந்தேகம்.

டிரம்கள் ஓடிய இடம் பற்றிக் கேட்டிருந்தாய். உன்னுடையது ஈரமான இடம். கல் கழுவிய தண்ணீர் வடிகிற பெல்ட்டின் தலைப்பக்கம். மற்ற இரண்டும் உலர்ந்த இடங்கள். அது தற்செயலாக அமைந்தது.

ரப்பர்த் துண்டைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இருக்காது. அமைதியாக ஒரு விளக்கம் எழுதிவிடு. இந்த முறை தோற்றதாகவே இருக்கட்டும். உன்னை யாரும் குறை சொல்லவில்லை, முறையைத்தான் சொல்கிறார்கள்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

பொட்டலம் வந்தது. சாக்கில் சுற்றி, நான்கு பக்கமும் 'மாதிரி' என்று முத்திரை குத்தியிருந்தாய். ஃபோர்மேன் அதை மேசைமேல் குப்புறப் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தண்ணி குடிச்சிட்டு வரேன் பாப்பா" என்று வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. பிறகு நான் பார்த்தேன்.

முதுகு முழுக்கப் பழுப்பு.

ரப்பர் பசையை விடவில்லை. பசை பிரைமரை விடவில்லை. பிரைமர் துருவை விடவில்லை. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். துருதான் இரும்பை விட்டுவிட்டது. துருவின் மேல் பூசியவள் நான்.

மணல் அடித்து முடித்த இரும்பு வெள்ளைவெளேரென்று இருக்கும். அதற்கு ஆயுசு சில மணி நேரம்தான். அதற்குள் பிரைமர் பூசாவிட்டால் காற்றே அதைத் தின்னத் தொடங்கிவிடும். மணல் அடித்த டிரம்மை அப்படியே போட்டுவிட்டு எங்கள் பட்டறையில் யாரும் சாப்பிடக்கூடப் போவதில்லை. உன் டிரம்முக்கு மணல் அடித்து முடித்த வேளையில்தான் நீ போன் செய்தாய், உடனே கிளம்பி வா என்று. பிரைமர் பூசுகிற வேலையை நான் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. அது என் திமிர். "யாரும் தொடாதீங்க, நான் வந்து பூசுறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

விருந்து முடிந்து திரும்பினால், இங்கே தூறல் போட்டிருக்கிறது. டிரம்மின் மேல் மஞ்சளாக ஒரு படலம். "மறுபடி மணல் அடிச்சிடலாம் பாப்பா, அரை நாள் வேலை" என்றார் ஃபோர்மேன். நான் வேண்டாம் என்றேன். துணியால் துடைத்துவிட்டுப் பூசினேன்.

லாரி காத்திருந்தது என்று எழுதலாம். காத்திருந்ததும் உண்மை. ஆனால் லாரி இன்னும் அரை நாள் நின்றிருக்கும், டிரைவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். நிஜம் வேறு. உன் வீட்டுக் கூடத்தில் கரண்டியோடு நின்றது அப்போதும் என்னை விட்டுப் போகவில்லை. பிரஷ்ஷைக் கையில் எடுத்தபோது ஒன்று நினைத்தேன். 'அவன் டிரம்முக்கு இது போதும்.'

வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஃபோர்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றும் அவர் தண்ணீர் குடிக்கத்தான் போனார்.

ஆகவே இதுதான் விளக்கம். முறையில் குறையில்லை. வேகவைத்த ஒட்டைப் போல ஒட்டு கிடையாது, ஆனால் அது அடியில் இருப்பதைத்தான் பிடிக்கும், இரும்பென்றால் இரும்பை, துருவென்றால் துருவை. குறை என் கையில். 'முறையைத்தான் சொல்கிறார்கள், உன்னை இல்லை' என்று எழுதியிருந்தாய். எனக்கு அது தலைகீழாக வேண்டும். என்னைச் சொல், முறையை விடு. இதே முறையில் ஒழுங்காக வேலை செய்கிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. என் ஒரு நாள் கோபத்துக்கு அவர்களும் என் பதினோரு பேரும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? அறிக்கையைத் திருத்தி எல்லாக் குவாரிக்கும் அனுப்பு.

சின்னவளுக்கு எந்தப் பல், மேலா கீழா என்று எழுதவில்லையே.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கீழ்ப்பல்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அறிக்கையைத் திருத்த உட்கார்ந்தேன். 'தவிர்க்க இயலாத காரணங்களால் பிரைமர் பூசுவதில் தாமதம்' என்று எழுதினேன். என்ன காரணம் என்று கேட்பார்கள். அடித்துவிட்டு, 'உரிமையாளர் வெளியூர் சென்றிருந்தபடியால்' என்று எழுதினேன். எங்கே சென்றிருந்தார் என்று கேட்பார்கள். கேட்க வேண்டியவர் அமைப்பாளர். அதாவது நான். நான் கேட்க வேண்டும், நீ என் வீட்டைச் சொல்ல வேண்டும், நான் அதைக் குறித்துக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டேன்.

இதற்கிடையில் மற்ற இரண்டு முறைகளும் முகத்தைக் காட்டத் தொடங்கிவிட்டன. சூடில்லாமல் ஒட்டிய பட்டைகளில் ஒன்று மூலையைத் தூக்கிவிட்டது. பசைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். இரண்டாம் பூச்சு காய்வதை விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. "அன்னிக்கு விரலோட வந்துச்சு சார். பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு ஒட்டிட்டோம்" என்றார். வெல்டு வைத்த டிரம்மோ நொண்டுகிறது. எல்லாச் சட்டங்களையும் ஒரே மூச்சில், ஆறவிடாமல் வைத்ததில் தகடு கோணிவிட்டது. மூன்று முறைகளை ஒப்பிடப் போய் மூன்று பேரின் அவசரத்தை ஒப்பிட்டிருக்கிறோம். இதை அறிக்கையில் எழுத முடியாது.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் டிரம் ஈரமான இடத்துக்குப் போனது தற்செயல் என்று எழுதியிருந்தேன். தற்செயல் இல்லை. வரைபடத்தில் உன்னுடையது உலர்ந்த இடத்தில்தான் இருந்தது. மாட்டுவதற்கு முந்தின நாள் நான் மாற்றினேன். என்றைக்காவது உறவு தெரிந்துவிட்டால், அக்காவுக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தான் என்று ஒருவர்கூடச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். நடுநிலைமையை உறுதி செய்ய இது ஒன்றே வழி என்று அன்று தோன்றியது. ஃபிட்டர், "சார், அங்க மத்த ரெண்டும் இல்லாம இது மட்டும் போட்டா எப்படி ஒப்பிடுவீங்க?" என்று கேட்டார். "சொன்னதைச் செய்யுங்க" என்றேன். ஆகவே உறை உரிந்ததில் எனக்கும் பங்கு உண்டு. உனக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். குவாரியின் ஆண்டு விழா வருகிறது. பெரிய மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தச் சமையல்காரம்மாவையே வரச் சொல்லுய்யா" என்றார். அவர் இப்போது ஊரில் இல்லை சார் என்றேன். இதுவும் பொய் இல்லை. நீ உன் ஊரில்தான் இருக்கிறாய்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

ஆறுதலாக இல்லை. உலர்ந்த இடத்தில் போட்டிருந்தாலும் அது உரிந்திருக்கும், இன்னும் கொஞ்ச நாள் மரியாதையாக இருந்துவிட்டு. உன் தப்பைக் கொடுத்து என் தப்பைக் கழிக்கப் பார்க்காதே. இரண்டும் பெரியவை, தனித்தனியாகவே நிற்கும்.

நீ நடுநிலைமை என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வேண்டியவர்களுக்கு நல்லது செய்து கெட்ட பெயர் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டியவர்களுக்குக் கெடுதல் செய்து நல்ல பெயர் எடுக்கப் பார்த்தவன் நீதான். அப்பா டயர்க் கடை வைத்திருந்தபோது, கடையைக் கடக்கையில் நீ பள்ளிக்கூடப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு போவாய். வெயிலுக்கு என்பாய். மேகமூட்டத்திலும் அப்படித்தான் போவாய். அப்பா உள்ளிருந்து பார்ப்பார். "பயலுக்குக் கண்ணு கூசுது போல" என்பார். அவர் அதை நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் குழு என்னை நேரில் வந்து விளக்கம் தரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. உன் கையெழுத்துதான். வருகிறேன். அந்த ரப்பர்த் துண்டையும் கொண்டுவருகிறேன். துருவின் மேல் பூசினேன் என்பேன். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் தம்பி வீட்டுக்கு என்பேன். எந்தத் தம்பி என்று கேட்டால் கை காட்டுவேன். அதற்கு முன்னால் நீயாகச் சொல்லிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை, உனக்கு நல்லது. பதவி போகுமென்றால் போகட்டும். நீ அமைப்பாளராகப் பிறக்கவில்லை.

விழாச் சமையலுக்கு வேறு ஆள் பார்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

எப்படித் தொடங்குவதென்று தெரியாததால் இப்படித் தொடங்குகிறேன். அன்று நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிட வேண்டும். நீ எழுதினாய் அல்லவா.

நீ ரப்பரை மேசைமேல் குப்புறப் போட்டாய். "இது துரு. நான் துடைச்சிட்டுப் பூசினேன், மறுபடி மணல் அடிச்சிருக்கணும். தப்பு முறையில இல்ல, என்கிட்ட" என்றாய். விளக்கம் கேட்டு ஆள் வரவழைத்தால் மழையைச் சொல்வார்கள், மின்சாரத்தைச் சொல்வார்கள், கடைசியில் எங்களையே சொல்வார்கள். 'தப்பு என்னிடம்' என்று ஒருவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதை எங்கே பதிவது என்று வாங்கும் பிரிவு அதிகாரிக்குத் தெரியவில்லை. "உடனே பூசாம எங்கேம்மா போயிருந்தீங்க?" என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் வந்திருந்தேன். எழுவதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். சக்கரம் வைத்த நாற்காலி, கொஞ்ச தூரம் உருண்டது. அதோடு என் துணிச்சல் முடிந்தது. அதற்குள் பெரிய மேனேஜர் உன்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அட, நீங்க இவன் வீட்டு விருந்துல சமைச்ச அம்மா இல்ல?" என்றார்.

"ஆமாங்க, சமைக்கவும் செய்வேன்" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா, நானும் சிரித்தேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் ஐந்து நாளாயிற்று.

தம்பி என்று கை காட்டுவேன் என்று எழுதியவள், கடைசி நொடியில் என்னைக் காப்பாற்றிவிட்டாய். நீ வாசலைத் தாண்டும்வரை நான் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரிய மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து வந்தவங்க என் அக்கா."

"தெரியுமே" என்றார், பென்சிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படி சார்?"

"உன் சம்சாரம் கூடத்துல அத்தனை பேர் நடுவுல 'அண்ணி, உப்பு பார்த்தீங்களா'ன்னு கத்தினாங்களே. அண்ணின்னா யாரு, பக்கத்து வீடா? உங்க ரெண்டு பேருக்கும் மூக்கு வேற ஒரே மூக்கு."

"அப்புறம் ஏன் சார் என்கிட்ட கேட்கவே இல்ல?"

"என்னத்தைக் கேட்கறது? அக்கா சமையல் வேலைக்குப் போறாங்கன்னு சொல்ல உனக்குக் கூச்சம். அதை நான் வேற கிளறணுமா? குவாரி முழுக்கத் தெரியும். பாவம், அவன்கிட்ட யாரும் பேச்செடுக்காதீங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். பட்டறையும் அவங்களோடதுன்னு நேத்துதான் தெரிஞ்சுது."

"கூச்சம் இல்ல சார். படிவம். உறவினர் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். சீவிய பென்சிலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே படித்தார். 'உண்டு எனில், விவரம் எழுதிவிட்டு, அந்நிறுவனம் பற்றிய முடிவில் மட்டும் கலந்துகொள்ளாது விலகியிருத்தல் போதுமானது.'

"ஒரு வரி எழுதிட்டு வெளியில உட்கார்ந்து காபி குடிச்சிருக்கலாமேய்யா. அவங்க பட்டறையை யாரும் நீக்கியிருக்க மாட்டாங்க. இதை நீ படிக்கவே இல்லையா?"

"படிச்சேன் சார்."

"அப்ப கூச்சம்தானே?"

உன் நன்மைக்காக அடித்தேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். எழுதும்போது நானே அதை நம்பினேன். படிவத்தை அவர் என் பக்கம் திருப்பி வைத்தபோது நம்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. 'ஆமாம் சார்' என்றேன்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கும் பிரிவு அதிகாரி அறிக்கையைப் புதிதாக எழுதினார். முறைகளில் குறையில்லை, மூன்றிலும் குறை செய்த விதத்தில், ஒன்றில் மாட்டிய விதத்திலும். அந்தக் கடைசிப் பகுதி நான். எல்லாக் குவாரிக்கும் போய்விட்டது. உன் டிரம்மை நீ மறுபடி ஒட்டித் தர வேண்டும், எங்கள் ஆள் ஒருவர் கூட இருந்து பார்ப்பார். அது நன்றாக ஓடினால் மற்றதைப் பேசலாம் என்று முடிவு.

வீட்டில் நேரடிப் பேச்சு தொடங்கிவிட்டது. முதல் வாக்கியம் நல்ல வாக்கியம் இல்லை.

நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கூடப்பிறந்தவள் என்பதால்தானே அப்படிச் செய்தாய்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நன்றி வேண்டாம். நீ நினைப்பதுபோல இல்லை.

சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். உங்கள் அதிகாரி கேட்டதும் வாயைத் திறந்துவிட்டேன். உன்னைப் பார்த்தேன். நீ நாற்காலியோடு உருண்டு சுவரில் போய் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதே நேரம் அவர் சமையலைப் பற்றிக் கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால், இது என் தம்பி என்று கை காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். உன்னைக் காப்பாற்றவில்லை. உன்னிடமிருந்து தப்பித்துக்கொண்டேன்.

அதுவரை உன்னைவிட நான் மேல் என்று எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அவன் அப்படி, நான் அப்படி இல்லை என்று. வாசலைத் தாண்டும்போது அதுவும் போய்விட்டது. நீ கூடத்தில் எனக்குச் செய்ததையே நான் உங்கள் அறையில் உனக்குச் செய்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்கொருவர் சரியாகப் போயிற்று என்று எழுத மாட்டேன். சரியாகப் போகவில்லை.

இரண்டு குவாரிகளும் டிரம் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டன. கலத்தில் நேற்று நீராவி ஏற்றினோம். உங்கள் டிரம் வியாழக்கிழமை வருகிறது. மணல் அடிக்கிறபோதும் பூசுகிறபோதும் பார்க்க ஆள் அனுப்புவார்கள் என்றாய். நீ வராதே. படிவத்தில் இருக்கிறபடி விலகி இரு. அந்த ஃபிட்டரை அனுப்பச் சொல். கேள்வி கேட்கத் தெரிந்தவராக இருக்கிறார்.

நீ ஞாயிற்றுக்கிழமை வா. அவளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பட்டறையில் வேலை இருக்காது, ஆனால் எல்லாரும் இருப்பார்கள், நான் வரச் சொல்லியிருக்கிறேன். உன்னை அவர்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. யார் என்று கேட்பார்கள். இந்தத் தடவை யார் முதலில் சொல்வது என்று நீ யோசிக்க வேண்டாம். நான் சொல்லிக்கொள்கிறேன். நாக்கு எழாது என்று இப்போதே தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அக்கா